யாரும் கேட்காத சொல்

ஜனவரி 9, வியாழன்

இன்று லுஹர் தொழுகைக்குப் பிறகு அவர் மூன்றாவது தலாக்கைச் சொல்லிவிட்டார்.

எழுதினால்தான் நம்புவேன் போலிருந்தது. எழுதிய பிறகும் நம்ப முடியவில்லை.

முதல் தலாக் கல்யாணமான நாலாவது வருடம், சென்னை மண்ணடியில் குடியிருந்தபோது. மூன்றாம் நாளே வந்து மீட்டுக்கொண்டார். இரண்டாவது, நுஸைபா பிறந்த பிறகு. அப்போது ஷைகு நெய்னா ஆலிம்சா அவரைப் பள்ளிவாசலுக்கு அழைத்து, "இனி உன் கையிலே ஒண்ணுதான் மிச்சம், உவைஸ். அதையும் சொன்னா மீட்க வழி கிடையாது. நாக்கைக் கட்டி வை" என்று சொல்லி அனுப்பினார். கட்டித்தான் வைத்திருந்தார். அந்த நம்பிக்கையில்தான் நானும் பயமில்லாமல் இருந்தேன்.

ஹாங்காங்கில் ஒரு ரத்தினக் கல் கடையிலிருந்து அவரை வேலைக்குக் கேட்டுத் தகவல் வந்தது. போனால் இரண்டு வருடம் ஊர்ப் பக்கம் தலைகாட்ட முடியாது. போகாதீங்கோ என்று நேராகச் சொல்லாமல் அவருடைய பாஸ்போர்ட்டை அரிசி டிரம்முக்குள் மறைத்து வைத்தேன். கேட்டதற்கு, "நான் பார்க்கலையே மச்சான்" என்றேன். காலையிலிருந்து வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடியவர் கடைசியில் அதை எடுத்தே விட்டார். மேலெல்லாம் அரிசித் தூசி. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து என் பெயரைச் சொல்லி அந்தச் சொல்லைச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகம் வெளுத்தது.

காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்கு. ஆகவே கிளம்ப வேண்டியவர் அவர். இரண்டு சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த தெருவிலுள்ள தன் தங்கை வீட்டுக்குப் போனார். வாசலில் நின்று, "யாருட்டயும் சொல்லாதே" என்றார்.

நுஸைபா பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். இடியாப்பம் கேட்டாள். பிழிந்து கொடுத்தேன்.

ஜனவரி 10, வெள்ளி

ஜுமுஆவுக்குப் போகும் ஆண்களின் செருப்புச் சத்தம். அந்த நேரத்தில் தெருப்பக்கத்து ஜன்னல் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தூசி படிந்திருந்தது.

ஜனவரி 13, திங்கள்

"வாப்பா எப்போ வருவாஹ?" என்று நுஸைபா கேட்டாள். வேலை இருக்கிறது என்றேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு அதற்கு மேல் என்ன சொல்வது.

தண்ணீர் வந்தது. தொட்டியை நிரப்பினேன். அவர் சட்டை ஒன்று அழுக்குக் கூடையில் கிடந்தது. இனி அதைத் துவைக்கலாமா என்று ஒரு கணம் நின்றேன். சட்டைக்கு என்ன சட்டம் இருக்கப் போகிறது. துவைத்தேன். உலர்த்தும்போது அதை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன்.

ஜனவரி 17, வெள்ளி

அவர் போன் செய்தார்.

"சாப்டியா?"

 மச்சான் என்று வாய் வரை வந்ததை விழுங்கினேன். அதைத் தவிர வேறு எப்படியும் நான் அவரைக் கூப்பிட்டதில்லை.

"லரீஃபா, யோசிச்சுப் பாரு. வீட்டுல ஆள் இல்லை, புள்ளையும் இல்லை. நீயும் நானும்தான் இருந்தோம். நம்ம ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டா அப்படி ஒண்ணு நடக்கவேயில்லை."

"அல்லாஹ் இருந்தானே" என்றேன்.

"அவன் மன்னிக்கிறவன்" என்றார்.

அதுவும் உண்மைதான். பொய்யான ஒன்றைச் சொல்லியிருந்தால் போனை வைப்பது எளிதாக இருந்திருக்கும்.

ஜனவரி 22, புதன்

காலையில் ஹைளு வந்துவிட்டது, மாதவிலக்கு. தொழுகை இல்லை. மற்ற மாதங்களில் இந்த நாட்கள் கொஞ்சம் ஓய்வு போலிருக்கும். இன்று பிடித்துக்கொண்டு நின்ற கைப்பிடியை யாரோ கழற்றி எடுத்தது போல இருந்தது.

அந்த நேரம் பார்த்து நுஸைபாவுக்குக் காய்ச்சல். வாப்பா, வாப்பா என்று அரற்றினாள். அவருக்குச் செய்தி அனுப்பினேன். பிள்ளைக்காகத்தான் அனுப்பினேன்.

முற்பகலில் மருந்தோடு வந்தார். முன்கூடத்தில் பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தார். அவள் தூங்கிப் போனாள். நான் உள்ளறையில், திரைக்கு இந்தப் பக்கம். அவர் எழுந்து வருவது தெரிந்தது. திரையின் ஓரத்தை அவர் கை பிடித்தது. அந்த விரல்களை எனக்குத் தெரியும். மோதிர விரலில் கல் பட்டறையில் பட்ட வெட்டுத் தழும்பு.

"திரையை விலக்கவா? நீ வேணாம்னு சொன்னாப் போயிடறேன்."

வேண்டாம் என்ற சொல் எனக்குள் எங்கேயும் இல்லை. தேடினேன், இல்லை. தொழுதிருந்தாலாவது ஏதாவது இருந்திருக்கும். நாக்கில் பழக்கத்தால் ஒட்டியிருந்த திக்ரு மட்டும் வந்தது. அல்லாஹ் எனக்குப் போதும், அல்லாஹ் எனக்குப் போதும். நாக்கு அதைச் சொன்னது. நெஞ்சு போதாது, போதாது என்றது. நாக்கைக் கேட்டுக் கால் நடந்தது. "ராத்தாவைக் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக முடுக்கில் இறங்கினேன். எங்கள் ஊரில் வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் நடக்கவென்று இருக்கும் அந்தச் சந்தில் செருப்பில்லாமல் ஓடியது இதுதான் முதல் தடவை.

என் அக்கா ஸாஹிதா ராத்தாவோடு திரும்பியபோது அவர் போயிருந்தார். திரையின் ஓரம் கசங்கியிருந்தது.

ஜனவரி 26, ஞாயிறு

ராத்தாவிடம் சொல்லிவிட்டேன். உம்மா மௌத்தான பிறகு எனக்கு உம்மா அவள்தான். பக்கத்து வீட்டில் இருப்பவளிடம் எத்தனை நாள் மறைப்பது. வட்டிலப்பத்துக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்தவள் கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள்.

"யாரு கேட்டா?"

"யாரும் கேட்கலை."

"அப்போ என்னத்துக்கடி சொல்றே?" என்று கேட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ராத்தா மூச்சிரைக்க வந்தாள். அவர் தானாகவே ஷைகு நெய்னா ஆலிம்சாவிடம் போயிருக்கிறார். மூன்றாவதைச் சொன்னது உண்மை, ஆனால் அந்த நேரத்தில் கோபத்தில் என்னையே மறந்துவிட்டேன், என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது என்று சொல்லியிருக்கிறார். அறிவு மழுங்கிப்போய் சொல்லியிருந்தால் அது தலாக் ஆகாது என்று ஆலிம்சா சொல்லிவிட்டாராம். ஆனால் பார்த்தவள் நான் ஒருத்திதான். என்னிடம் கேட்டுவிட்டுத்தான் முடிவு சொல்வாராம்.

"ஆமான்னு ஒரு சொல்லு. போதும்டி. வேற ஒண்ணும் வேணாம்."

"ராத்தா, அவஹ அப்படி இல்லையே."

"கோபம் வந்துச்சுல்ல?"

"வந்துச்சு."

"அப்புறம் என்ன. ரெண்டு பேரைச் சேர்த்து வைக்கச் சொல்ற பொய் பொய்யாகாதுன்னு நபியே சொல்லியிருக்காஹ. புருஷன் பொஞ்சாதிக்குள்ளே சலுகை இருக்கு. தைக்காவிலே நாமளே கேட்டிருக்கோமே."

கேட்டிருக்கிறோம். பெண்கள் கூடி மார்க்கம் கேட்கும் தைக்காவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும்தான் கேட்டேன். அந்தச் சலுகை புருஷன் பொஞ்சாதிக்கு. நாங்கள் இப்போது யார் என்பதல்லவா கேள்வி. இதை ராத்தாவிடம் சொல்லவில்லை. அவள் முகத்தில் அவ்வளவு வெளிச்சம் இருந்தது.

பிப்ரவரி 5, புதன்

நிதானமாக யோசித்துப் பார்த்தால், அன்று அவர் கண் சிவந்திருந்தது. கை நடுங்கியது. பாஸ்போர்ட்டைப் பிடித்திருந்த கை. ஒரு மனிதனுக்குக் கை நடுங்கினால் அறிவும் நடுங்காதா.

அரிசியை வெயிலில் காயப் போட்டேன். டிரம்மைக் கழுவிக் கவிழ்த்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கத்தினார் என்றுதான் நினைக்கிறேன். ஆமாம், சத்தம் போட்டார். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும், ராத்தா அன்று கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாள். தண்ணீர் குடித்தது முந்தின நாளாகவும் இருக்கலாம். எல்லா நாளும்தான் தண்ணீர் குடிக்கிறோம்.

ஆலிம்சா வெள்ளிக்கிழமை வருகிறார். நெத்திலி கருவாடு வாங்கி வைத்திருக்கிறேன். அவருக்குப் பிடிக்கும். அவருக்கு என்றால், ஆலிம்சாவுக்கு அல்ல.

பிப்ரவரி 12, புதன்

அஸர் தொழும்போது நடந்ததை எழுதுகிறேன்.

இரண்டாவது ரக்அத். ஸுஜூதில் நெற்றி தரையில் இருக்கிறது. ஓத வேண்டியதை நாக்கு ஓதிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு வாக்கியம் ஓடிக்கொண்டிருந்தது. "அவஹ அப்போ அவஹளாவே இல்லை, ஆலிம்சா." எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவது, எங்கே கொஞ்சம் அழுவது என்றெல்லாம் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். படைத்தவனுக்கு மிக நெருக்கமாக இருக்கும் இடம் ஸுஜூது என்று சின்னதில் ஓதிக்கொடுத்தார்கள். அந்த இடத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு பொய்யை ஒத்திகை பார்த்தேன்.

தெரிந்ததும் தலையைத் தூக்க முடியவில்லை. தொழுகையை எப்படியோ முடித்தேன். முடித்த பிறகு மறுபடியும் முஸல்லா விரிப்பில் விழுந்தேன். அரபு ஒன்றும் வரவில்லை. தமிழில்தான் பேசினேன். வீட்டில் பேசுகிற தமிழில்.

யா அல்லாஹ், எனக்கு அவஹ வேணும். பொய் சொல்லியாவது வேணும். இதை வேற யாருட்ட சொல்றது, உன்னுட்டதான் சொல்றேன். நான் நல்லவள்னு நினைச்சு என்னை என் கையிலே விட்டுடாதே. விட்டா நான் சொல்லிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். ஆலிம்சா வராம இருக்கட்டும். வந்தாலும் கேட்காம இருக்கட்டும். கேட்டா என் நாக்கை நீயே பிடிச்சுக்கோ. என்னாலே முடியாது.

அவர் சத்தம் போடவில்லை. கை நடுங்கவில்லை. தண்ணீர் குடித்தார், டம்ளரைக் கவிழ்த்தார், உட்கார்ந்தார், சொன்னார். அப்படித்தான் நடந்தது.

பிப்ரவரி 14, வெள்ளி

ஆலிம்சா வந்தார். கேட்கவும் கேட்டார். நான் கேட்ட இரண்டும் நடக்கவில்லை.

முன்கூடத்தில் ஆலிம்சாவும் அவரும். திரைக்குப் பின்னால் நானும் ராத்தாவும். அவர் இருமுவது கேட்டது. சளி பிடித்திருக்கிறது போல. தங்கை வீட்டில் மின்விசிறியை வேகமாக வைத்துவிட்டுத் தூங்குவார். குறைக்க ஆள் இருக்காது.

ஆலிம்சா சொன்னார்: "மகளே, உவைஸ் சொல்றதைக் கேட்டிருப்பே. அந்த நேரம் தன் நினைவே இல்லைங்கிறான். நீ பார்த்தவ. நீ சொல்றதை வச்சுத்தான் நான் முடிவு சொல்லணும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. நான் கூடும்னு சொல்றதாலே கூடாதது கூடிடாது. நான் வெளியிலே நிக்கிறவன். உள்ளே நடந்தது உங்க ரெண்டு பேருக்கும் ரப்புக்கும்தான் தெரியும்."

ராத்தா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். தெருவில் மீன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு போனார். அந்தச் சத்தம் தேய்ந்து முடியும் வரைக்கும் எனக்கு அவகாசம் இருந்தது போலத் தோன்றியது. தேய்ந்துவிட்டது.

"தண்ணி குடிச்சாஹ" என்றேன்.

"என்னம்மா?"

"சொல்றதுக்கு முந்தி தண்ணி குடிச்சாஹ, ஆலிம்சா. டம்ளரைக் கவுத்து வச்சாஹ. பெறகு உக்காந்துதான் சொன்னாஹ. என் பேரைச் சொல்லித்தான் சொன்னாஹ. கோபம் இருந்துச்சு. ஆனா நினைவோடதான் சொன்னாஹ."

என் குரலா என்று எனக்கே சந்தேகம். நடுக்கம் இல்லாமல் வந்தது. ராத்தாவின் கை என் முழங்கையிலிருந்து நழுவியது.

"லரீஃபா" என்றார் அவர், திரைக்கு அந்தப் பக்கம். ஒரு தடவைதான். கோபமாக இல்லை. வீட்டுக்குள் நுழையும்போது கூப்பிடுவாரே, அப்படி.

ஆலிம்சா, மௌத்து வீட்டில் சொல்வது போல, "இன்னாலில்லாஹி" என்று மெல்லச் சொன்னார். பிறகு, "அன்னைக்குச் சொன்ன நேரத்திலேர்ந்தே நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் அந்நியம். காத்திருக்க வேண்டிய இத்தா முடியுற வரைக்கும் லரீஃபாவுக்கு ஆக வேண்டிய செலவு உன் பொறுப்பு, உவைஸ்" என்றார். நுஸைபாவின் வாப்பா செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போனதாக ராத்தா பிறகு சொன்னாள்.

உண்மையைச் சொன்னால் நெஞ்சு லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை.

பிப்ரவரி 15, சனி

கருவாட்டை ராத்தா வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்

ராத்தா பத்து நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. இன்று பேச வந்தாள். அவருடைய தங்கை சொல்லி அனுப்பியிருக்கிறாள். மூன்றாவதுக்குப் பிறகு, இன்னொருவரை மணந்து அதுவும் பிரிந்தால்தான் பழையவரை மணக்க முடியும். இத்தா முடிந்ததும் யாராவது ஒரு நம்பகமான ஆளுக்கு என்னை நிக்காஹ் செய்து வைப்பது. ஒரு ராத்திரி. மறுநாள் அந்த ஆள் தலாக் சொல்லிவிடுவான். பிறகு இத்தா இருந்து, பழையபடி இவரையே முடித்துக்கொள்ளலாம். ஆளுக்கும் ஏற்பாடு செய்துவிடலாமாம்.

"அதுக்குப் பேரு என்னன்னு உங்களுக்குத் தெரியும்ல, ராத்தா? வாடகைக் கிடா. அந்தக் கிடாவைப் பிடிச்சு இந்த வீட்டுக்குள்ளே விடச் சொல்றீங்களா?"

"நான் சொல்லலை. சொன்னதைச் சொன்னேன்."

"மச்சானுக்கு இது தெரியுமா?"

ராத்தா தலையைக் குனிந்துகொண்டாள். தெரியும் போலிருக்கிறது. அப்போதுதான் எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. மச்சான் என்று சொல்லிவிட்டதும் அப்போதுதான் தெரிந்தது. ராத்தா என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். "சரி, விடு. சரி, விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சாப்பாட்டுக் கடைகளில் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்களே, இறைவனை அஞ்சுகிறவருக்கு அவன் ஒரு வழியை ஆக்குவான், அவனைச் சார்ந்தவருக்கு அவனே போதும் என்று. அந்த வசனம் குர்ஆனில் வருவது தலாக்குடைய சட்டங்களுக்கு நடுவில். கல்லாவுக்கு மேலே மாட்டுகிறவர்களுக்குத் தெரிந்திருக்காது. இன்று மக்ரிபுக்குப் பிறகு ஓதும்போது அந்த இடத்தில் வெகுநேரம் நின்றேன். வழி என்றால் அவரிடம் திரும்பிப் போகும் வழி என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

முதல் நோன்பு. நுஸைபாவும் பாதி நோன்பு வைத்தாள். பள்ளிவாசல் கஞ்சி வாங்க அவர்தான் வருடா வருடம் தூக்குவாளியோடு போவார். இந்த வருடம் நானே வீட்டில் காய்ச்சினேன். அடி பிடித்துவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

நுஸைபா வாரக் கடைசியை அவரோடு கழித்துவிட்டு வந்தாள். தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டாள்.

"நீங்க ஒரு சொல்லு சொல்லியிருந்தா வாப்பா நம்ம வீட்டுக்கே வந்திருப்பாஹளாமே. உண்மையா?"

"யாரு சொன்னா?"

"மாமி சொன்னாஹ. உண்மையா?"

"உண்மைதான்."

"ஏன் சொல்லலை?"

"அது நடக்காத சொல்லு, மா. நடக்காததை நடந்ததா சொல்லணும்."

யோசித்தாள். பிறகு, "நான் கீழே போட்டு உடைச்ச கோப்பையை, பூனை தட்டிவிட்டுச்சுன்னு நீங்க வாப்பாகிட்ட சொன்னீங்கல்ல" என்றாள்.

என் கை நின்றுவிட்டது. "சொன்னேன்."

"எனக்காகச் சொன்னீங்கல்ல."

"ஆமா."

"இதையும் எனக்காகச் சொல்லியிருக்கலாம்ல உம்மா."

பின்னலை அவளே என் கையிலிருந்து இழுத்துக்கொண்டாள். ரப்பர் பேண்டு போடாமல் எழுந்து போய்விட்டாள். இரவு என் பக்கத்தில் படுக்கவில்லை.

அவர் திரையைப் பிடித்தபோது தாங்கினேன். ஆலிம்சா கேட்டபோது தாங்கினேன். இதை எப்படித் தாங்குவது என்று தெரியவில்லை. நோன்பு இரவுத் தராவீஹ் தொழுகையில் ஒவ்வொரு ஸுஜூதிலும் இதைத்தான் கேட்டேன். அவளுக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும். எழுந்தேன், குனிந்தேன், விழுந்தேன். வேறு எங்கே போவது.

மார்ச் 21, வெள்ளி

தலாக்குக்குப் பிறகு மூன்றாவது ஹைளு வந்து தொழுகை நின்றது. இத்தா முடிந்தது. ராத்தா வந்து, "தலைக்கு எண்ணெய் வை, வெளியிலே வா, கடற்கரைக்குப் போயிட்டு வருவோம்" என்றாள். போகவில்லை. வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தபோது வாசற்படி தூரமாக இல்லை.

மார்ச் 24, திங்கள்

அவர் வந்தார். ராத்தா முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் வாசலிலேயே நின்றார். நான் திரைக்குப் பின்னால்.

"ஹாங்காங் வேலை கிடைச்சிருச்சு. பெருநாள் கழிச்சுக் கிளம்புறேன். புள்ளைக்கு மாசா மாசம் அனுப்பிடுவேன்."

"சரி" என்றேன்.

"ஆலிம்சாட்ட போய்ச் சொல்லிட்டேன். நீ சொன்னதுதான் சரி, நான் சொன்னது பொய்னு. அல்லாஹ்ட்ட தவ்பாவும் செஞ்சுட்டேன்." மேலும் சொன்னார்: "அன்னைக்கு உன் மேலே எனக்கு அவ்வளவு ஆத்திரம். என்னை இவ வேணாம்னுட்டாளேன்னு. ராத்திரி முச்சூடும் அதையேதான் நினைச்சேன். பெறகு ஒரு நாள் சுபுஹு தொழுதுட்டு உக்காந்திருக்கேன், தோணுச்சு. இந்த ரெண்டு நாள் உலகத்துக்காக நான் உன்னைத் திருடப் பார்த்தேன். நீ என்னோட மறுமையைப் பார்த்திருக்கே."

அப்படியெல்லாம் நான் பார்க்கவில்லை. அன்று எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. சொல்லவில்லை. அவருக்கு ஆறுதல் தருவதாக இருந்தால் அப்படியே இருக்கட்டும்.

"சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கோ, ராத்தா" என்றேன். ராத்தாவைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"சரிங்கிறாஹ" என்றாள் ராத்தா, அவர் ஒன்றும் சொல்லாமலிருந்தபோதே.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். நுஸைபாவுக்குப் பச்சைப் பட்டுப் பாவாடை. வாப்பாவுக்குக் காட்டப் போனாள். வட்டிலப்பம் சரியாக வந்தது. சாப்பிட ஆளில்லாமல் முடுக்கில் போகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தேன்.

ஏப்ரல் 5, சனி

இன்று மாலை ரயிலில் அவர் சென்னை போகிறார். அங்கிருந்து விமானம். நுஸைபாவை ஸ்டேஷனுக்கு அவருடைய தங்கை கூட்டிப்போனாள்.

மக்ரிபுக்கு பாங்கு சொன்னார்கள். கை கால் கழுவி ஒளு செய்துகொண்டிருக்கும்போதே ரயில் சத்தம் கேட்டது. அது நிற்கிற நேரம் நின்று, மறுபடியும் கிளம்புகிற வரைக்கும் குழாயைத் திறந்தபடியே வைத்திருந்தேன். தண்ணீர் வீணாகப் போனது. அதற்கும் கணக்கு உண்டு.

நுஸைபா திரும்பி வந்தபோது கண் வீங்கியிருந்தது. சாப்பிடாமல் போய்ப் படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "உம்மா, போர்வை" என்றாள். போர்த்திவிட்டேன். கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. தள்ளிவிடவும் இல்லை.

இஷா தொழுதேன். அவர் எந்தப் பயணம் போனாலும் புறப்படுகிற நேரத்தில் பயண துஆவை ஓதி அவர் நெற்றியில் ஊதி அனுப்புவேன். பன்னிரண்டு வருடப் பழக்கம். கையை ஏந்தியதும் அந்த துஆ தானாக நாக்கின் நுனிக்கு வந்தது. ஒரு முஸ்லிமுக்காக இன்னொரு முஸ்லிம் துஆ கேட்பதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் அவர் பெயரைச் சொன்னால் நெஞ்சு அதோடு நிற்காது. அடுத்ததைக் கேட்கும், அதற்கடுத்ததைக் கேட்கும். என்னை எனக்குத் தெரியும். பெயரை விழுங்கிக்கொண்டேன்.

என்ன கேட்பது என்று தெரியாமல் கையை ஏந்தியபடியே இருந்தேன். கடைசியில் எல்லோரும் எல்லாத் தொழுகைக்குப் பிறகும் கேட்பதை, நம்பிக்கையாளர் எல்லாருக்குமான துஆவைக் கேட்டேன். மூமினான ஆண்களுக்கும் மூமினான பெண்களுக்கும் பிழை பொறுப்பாயாக, அவர்களில் உயிரோடு இருப்பவர்களையும் மறைந்தவர்களையும் காப்பாயாக.

மூமினான ஆண்கள் என்று வருகிற இடத்தில் கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன். அதற்குள் அவரும் இருக்கிறார். அவ்வளவுக்கு எனக்கு அனுமதி இருக்கிறது.